பெண் பேசும் நாளில் ரோமர் 12:2

ஒரு வாசகரின் கேள்வி – 2025 மார்ச் 9

ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தின் முதல் ஞாயிறு என்று எங்கள் வாலிபர் கூட்டத்தில், பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதத்திலிருந்து ரோமர் 12:2 எடுத்துப் பேசினார்கள். "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்ற வசனம். "இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்" என்ற இடத்துக்கு வந்ததும் ஒரு பட்டியல் வந்தது. சினிமா, கிரிக்கெட், நகை, தலைமுடி, கைபேசி, அலுவலகத்தில் கொடுக்கும் ஆயுதபூஜைப் பொரி. நான் பொரி சாப்பிடுகிறவன். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் அமைதியாக இல்லை. உலகத்தோடு ஒத்துப்போவது என்றால் உண்மையில் எது? கோட்டை எங்கே போடுவது?

மார்ச் 9, இரவு

தம்பி, பொரி போலப் படைத்த உணவைச் சாப்பிடலாமா என்பதைப் பற்றிப் பவுலே எழுதியிருக்கிறார். 1 கொரிந்தியர் 8, 10 இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் படியுங்கள். உங்கள் மனச்சாட்சிக்கு வேண்டியது அதில் இருக்கிறது. நான் பேச வந்தது அந்தப் பட்டியலைப் பற்றி.

நான் உபதேசியார் மகள், போதகருக்கு அடுத்த நிலையில் சபையில் ஊழியம் செய்கிறவர் உபதேசியார். நெல்லைப் பக்கத்துச் சபைகளில் பிறந்து வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். இந்தப் பட்டியலைச் சிறு வயது முதல் கேட்டு வருகிறேன். முதலில் ரேடியோ இருந்தது, பிறகு டிவி வந்தது, இப்போது கைபேசி. பொருள்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் எந்தக் காலத்திலும் அந்தப் பட்டியலில் நான் கேட்காத இரண்டு உண்டு: சாதி, வரதட்சணை.

ஒரு கிறிஸ்தவக் குடும்பம் எவ்வளவு தூரம் உலகத்தோடு ஒத்துப்போயிருக்கிறது என்று தெரிய வேண்டுமா? அந்த வீட்டில் பெண் பேசும் நாளில் போய் உட்காருங்கள். ஞாயிறு ஆராதனையில் அது தெரியாது. உபவாச ஜெபத்திலும் தெரியாது.

மார்ச் 10

காலையில் எழுந்து பார்த்தால், "சும்மா சொல்கிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சும்மா சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து உறவுக்காரப் பெண் ஒருத்திக்குப் பேச்சு நடந்தது. பெரியவள் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். பெண் செவிலியர் படிப்பு முடித்து வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் சபையில் மதிப்பான குடும்பம். அவருடைய அப்பா கன்வென்ஷன் கூட்டங்களில் சாட்சி சொல்கிறவர். வந்தவுடன் ஜெபம். நல்ல ஜெபம்தான், கண்ணீரோடு செய்தார். பிறகு ஒரு வசனம் வாசித்தார்கள். காப்பி வந்தது, முறுக்கு வந்தது. அதன் பிறகு மாப்பிள்ளையின் மாமா தொண்டையைச் செருமினார்.

"நாங்கள் எதுவும் கேட்கவில்லை. உங்கள் பிள்ளைக்கு நீங்கள் செய்வதைச் செய்வீர்கள். மூத்த மருமகளுக்கு அவர்கள் எண்பது பவுன் போட்டார்கள், ஒரு தகவலுக்குச் சொல்கிறேன்."

பெண்ணின் அப்பா எழுந்துபோய், சுவரில் தொங்கிய வாக்குத்தத்த வசனக் காலண்டரிலிருந்து கழிந்த மாதத் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். வங்கியில் இருப்பது இவ்வளவு, அம்மாவின் பழைய நகையை உருக்கினால் இவ்வளவு, மீதிக்கு மேற்கே கிடக்கும் மனை. பென்சிலை அவர் நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பேச்சு முடிந்ததும் நிறைவு ஜெபம். "இந்த வீட்டில் உலகம் நுழையாதபடி காத்துக்கொள்ளும்" என்று ஜெபித்தார்கள்.

அந்தக் கூடத்தில் டிவி பெட்டி இல்லை. உலகத்துக்குரியது என்று வாங்கவில்லையாம்.

மார்ச் 11

"பெற்றோர் பாசத்தில் கொடுப்பதைப் பாவம் என்கிறீர்களா?" என்று கேட்டவருக்கு: மூத்த மருமகள் கொண்டுவந்த எடையைப் பார்த்து நிர்ணயிக்கும் தொகைக்குப் பாசம் என்று பெயர் கிடையாது. நாட்டில் 1961 முதல் வரதட்சணைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ரோமர் 13இல் அதிகாரத்துக்குக் கீழ்ப்படியுங்கள் என்று இருப்பதைத் தேர்தல் காலத்தில் மட்டும் வாசிக்கிறோம்.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். பழைய திருவிதாங்கூரில் 1916இல் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுரிமைச் சட்டம் வந்தது. மகனுக்குக் கிடைப்பதில் நான்கில் ஒரு பங்கு அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. சீதனம் கொடுத்துவிட்டால், அல்லது கொடுப்பதாக வாக்குச் சொல்லிவிட்டால்கூட, அதுவும் இல்லை. உச்ச நீதிமன்றம் 1986இல் மேரி ராய் வழக்கில் தீர்ப்புச் சொல்லும் வரை அது நின்றது. வழக்கில் முன்நின்றவர் ஒரு பெண். எழுபது வருடம் அந்தச் சட்டத்தின் கீழ் நற்கருணை என்னும் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுத்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

மார்ச் 13

"பவுல் மனத்தைப் பற்றிப் பேசுகிறார், நீங்கள் சமூகப் பிரச்சினையை இழுக்கிறீர்கள்" என்கிறார் ஒரு சகோதரர். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: இரண்டாம் வசனத்தோடு வேதாகமத்தை மூடிவிடுகிறீர்களா?

அடுத்த வசனத்திலேயே, ஒருவனும் தன்னைக்குறித்து எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணக்கூடாது என்கிறார். நான்காம் ஐந்தாம் வசனங்களில் நாம் ஒரே சரீரம், ஒருவருக்கொருவர் அவயவங்கள் என்கிறார். பதின்மூன்றில் அந்நியரை உபசரிக்கச் சொல்கிறார். பதினாறில் "மேட்டிமையானவைகளைச் சிந்தியாமல், தாழ்ந்தவர்களுக்கு இணங்குங்கள்" என்கிறார். மனம் புதிதானால் என்ன நடக்கும் என்று அந்த அதிகாரம் முழுக்க அவரே சொல்லிக்கொண்டு போகிறார். உடை இல்லை, முடி இல்லை, கேளிக்கை இல்லை. யாரை உனக்குச் சமமாக எண்ணுகிறாய், யாரோடு உட்காருகிறாய், யாருக்குச் சோறு போடுகிறாய் என்பதுதான் பேச்சு.

ரோமாபுரிச் சபையில் யூதர் பின்னணியிலிருந்து வந்தவர்களும் மற்றவர்களும் ஒருவரையொருவர் அற்பமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். எதைச் சாப்பிடலாம், எந்த நாளை ஆசரிக்கலாம் என்ற சண்டை 14ஆம் அதிகாரத்தில் வெளிப்படையாகவே வருகிறது. அந்தச் சண்டை நடக்கும் வீட்டுக்குள் வாசிக்கத்தான் இந்தக் கடிதம் போனது.

மார்ச் 13, மறுபடியும்

அந்தியோகியாவை விட்டுவிட்டேனே. கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமில் யாக்கோபிடத்திலிருந்து யூத விசுவாசிகள் சிலர் வந்ததும் பயந்து விலகிப் பிரிந்தார். பர்னபாவும் கூடவே இழுபட்டுப்போனார். பவுல் எல்லாருக்கும் முன்பாகப் பேதுருவை எதிர்த்தார்.

உலகத்தோடு ஒத்துப்போவது எப்படி நடக்கும் என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் இதைவிடத் தெளிவான காட்சி எனக்குத் தெரியவில்லை. பேதுருவின் உபதேசம் மாறவில்லை, விசுவாசம் மாறவில்லை. பந்தியில் உட்காரும் இடம் மட்டும் மாறியது. அவரை இழுத்ததும் வெளியுலகம் இல்லை, சொந்தச் சபையார் என்ன நினைப்பார்களோ என்ற பயம்.

மார்ச் 16

இன்று ஆராதனை முடிந்து வந்து இதை எழுதுகிறேன். நேற்று ஒருவர், "சாதி நம் முன்னோர் மதத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த தூசி, மிஷனரிமார் காலத்தில் சபை சுத்தமாக இருந்தது" என்று எழுதியிருந்தார். அது சரியில்லை. தரங்கம்பாடியிலிருந்தே பார்க்க வேண்டும்.

ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். புதிய ஏற்பாடு தமிழில் அச்சானது, 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. இன்றும் கடலோரத்தில் நிற்கிறது. அந்த ஆலயத்துக்குள் ஆரம்ப நாட்களிலேயே உயர்சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் பறையர் கிறிஸ்தவர்களுக்கும் தனித்தனி இடம். 1733இல் ஆரோன் என்ற வேளாளர் முதல் இந்திய லுத்தரன் போதகராக அபிஷேகம் பெற்றார். அதை நாம் பெருமையோடு சொல்லுகிறோம், சொல்ல வேண்டியதுதான்.

ராஜநாயக்கனைப் பற்றி எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? தஞ்சாவூர் அரசனின் படையில் சிப்பாய். பறையர். கையில் கிடைத்த தமிழ்ச் சுவிசேஷத்தை வாசித்து மனம் மாறி, தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு தஞ்சைச் சீமையில் உபதேசியாராக ஊர் ஊராக நடந்தார். மிஷனரிகள் நுழைய முடியாத ராஜ்யத்தில் சபைகள் எழும்பியதில் அவருடைய பங்கு பெரியது. 1741இல் அடுத்த போதகரைத் தெரிந்தெடுக்கும் நேரம் வந்தபோது அவருடைய பெயர் யோசனையில் இருந்தது. தகுதியில் குறை சொல்ல யாருக்கும் முடியவில்லை. ஆனால் அவர் கையால் உயர்சாதியார் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்ற அச்சம் ஜெயித்தது. தியோகு என்பவர் அபிஷேகம் பெற்றார். ராஜநாயக்கன் 1771இல் இறக்கும் வரை உபதேசியாராகவே இருந்தார்.

என் அப்பாவும் உபதேசியாராகவே ஓய்வு பெற்றவர், காரணம் வேறு. ஆனாலும் ராஜநாயக்கனைப் பற்றி முதன்முதலில் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும் கையில் சாதி பார்த்தவர்கள், அந்த அப்பத்தை யாருடைய சரீரம் என்று எண்ணி வாங்கினார்கள்? அதைத் தடுத்துப் பேசியிருக்க வேண்டிய ஐரோப்பிய ஊழியர்களும் சபை உடைந்துவிடக்கூடாது என்ற கவலையில் இணங்கிப்போனார்கள். கவலை நியாயமானதுதான். பேதுருவின் கவலையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மார்ச் 17

"அப்படியானால் தமிழ்ப் பண்பாடே உலகமா? பூ வைப்பதும் குத்துவிளக்கு ஏற்றுவதும் தவறா?" என்று கேட்கிறார்கள். தவறில்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

தத்துவ போதகர் என்று நாம் அழைக்கும் இத்தாலியத் துறவி ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தினார், இறைச்சியை விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். குடுமியும் பூணூலும் கிறிஸ்தவனுக்கு ஆகுமா என்று பெரிய வழக்கு நடந்தது. 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். அந்த மனிதர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஊராரின் உடையை உடுத்தி, ஊராரின் மொழியில் சிந்தித்துப் பேசினார். மே மாத வெயிலில் கோட்டும் டையும் போட்டு வியர்த்து நிற்கும் நம் மாப்பிள்ளைகள் அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் அவர் உடையோடு நிற்கவில்லை. மேல்சாதியாருக்குத் தனி ஆலயம் வைத்தார். முன்பே மதுரையில் இருந்த பரவர் சபையோடு கலக்கவில்லை. 1640களில் மற்றச் சாதியாருக்கென்று பண்டாரசுவாமிகள் என்ற தனி வகைக் குருக்கள் வந்தார்கள். ஒரே மனிதரின் ஊழியத்தில் இரண்டும் கலந்திருக்கின்றன. காவியை ஏற்றுக்கொள்ளலாம், தனி ஆலயத்தை ஏற்றுக்கொள்ள முடியாது. தம்பி கேட்ட கோடு இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது என்று நினைக்கிறேன். ஒரு வழக்கத்தால் இன்னொரு மனிதன் சிறுமைப்படுகிறானா என்று பார்க்க வேண்டும்.

மார்ச் 19

நகையைப் பற்றி இன்னும் கொஞ்சம். நகை போடாத சபைகளை நான் குறை சொல்லுகிறேன் என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். இல்லவே இல்லை. டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரோடு ஊழியம் செய்த பொன்னம்மாள் தம் நகைகளைக் கழற்றி வைத்தவர். நகையில்லாத கழுத்தை ஊர் எப்படிப் பார்க்கும் என்று தெரிந்த எவருக்கும் அது சிறிய காரியம் இல்லை என்று புரியும். சொந்தக் கிறிஸ்தவ ஜனங்களே அப்போது முகம் சுளித்தார்கள். அது மனம் புதிதானதன் கனி, ஒத்துக்கொள்கிறேன்.

எனக்கு வருத்தம் தருவது வேறு. காதில் கம்மல் இல்லாத பெண்ணுக்கு, பெட்டியில் வைத்துத் தங்கக்கட்டியாகக் கேட்கும் வீடுகள் இருக்கின்றன. "எங்கள் சபையில் நகை போடமாட்டோம், ஆகையால் ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

மார்ச் 23

இதை எழுதலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். என் ஆச்சியைப் பற்றியது.

ஆச்சி விடியற்காலம் நான்கு மணிக்கு எழுந்துவிடுவாள். விளக்கை ஏற்றமாட்டாள், இருட்டிலேயே பாமாலையில் ஒரு பாட்டு, பிறகு ஜெபம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், ஐயர் என்று நாங்கள் அழைக்கும் சபைப் போதகர், ஊரில் காய்ச்சலில் கிடப்பவர்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழுவாள். பஞ்சகாலத்தில் தன் சோற்றைப் பிறருக்குக் கொடுத்தவள் என்று அப்பா சொல்லுவார். நான் ஜெபிக்கக் கற்றுக்கொண்டது அவளிடம்.

எங்கள் வீட்டுப் புறவாசலில் மாடக்குழி ஒன்று இருந்தது. அதில் ஓர் அலுமினியத் தம்ளர், கவிழ்த்து வைத்திருக்கும். விளிம்பு நெளிந்து, உள்ளே கறுத்துப் போனது. வயலில் வேலை செய்ய வரும் அக்காவுக்கு அதில்தான் கருப்பட்டிக் காப்பி. ஆச்சி செம்பை உயர்த்திப் பிடித்து ஊற்றுவாள். குடித்துவிட்டு அந்த அக்காவே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். அந்த அக்கா எங்கள் சபைதான். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கம் கடைசிப் பாயில் உட்காருவாள்.

நற்கருணைக்கு எங்கள் சபையில் ஒரே பாத்திரம். எல்லாரும் அதில்தான் குடிக்க வேண்டும். ஐயர் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்துத் துடைத்துக் கொடுப்பார். முன்வரிசை முதலில் போகும், கடைசிப் பாய் கடைசியில் போகும். அந்த அக்கா வாய் வைத்த பிறகு ஆச்சி குடிக்க நேர்ந்ததே இல்லை. சிறுபிள்ளையாக இருந்தபோது எனக்கு அது புரியவில்லை. வளர்ந்து, ஆசிரியப் பயிற்சி முடித்து ஊருக்கு வந்தபோது ஒரு நற்கருணை ஞாயிறில் அந்த வரிசையைப் பார்த்தேன்.

அறுவடை நாள் ஒன்றில் அம்மா அந்தத் தம்ளரை எடுக்கவில்லை. வீட்டு எவர்சில்வர் தம்ளரிலேயே அக்காவுக்கும் காப்பி கொடுத்தாள், கையில் கொடுத்தாள். ஆச்சி பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு அந்த எவர்சில்வர் தம்ளரைப் புளி போட்டுத் தேய்த்தாள். அதற்குப் பிறகு தன் தம்ளரைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டாள். கடைசி வரை அப்படித்தான். ஆச்சி இறந்த மறுமாதம் அம்மா அந்த அலுமினியத் தம்ளரைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டாள்.

ஆச்சியின் ஜெபம் பொய் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். ஆண்டவரை அவள் நேசித்தாள். ஆனால் அந்தத் தம்ளருக்கும் சுவிசேஷத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று அவ்வளவு வருட ஆராதனையில் ஒரு பிரசங்கியாவது அவளிடம் சொன்னாரா? சினிமாவுக்குப் போகாதே என்று சொன்னார்கள். அவள் சினிமாக் கொட்டகை வாசலை மிதிக்காமலே இறந்தாள்.

மார்ச் 24

ஆச்சியைப் பற்றி எழுதியதற்கு நிறையப் பேர் தங்கள் வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கொட்டாங்கச்சி, தனிச் செம்பு, தென்னங்கீற்றுக்கு வெளியே நின்று வாங்கிய கஞ்சி. எல்லாவற்றையும் வாசித்தேன்.

கடைசிப் பாயில் உட்கார்ந்த குடும்பத்திலிருந்து ஒருவர், "என் அம்மா ஏன் அந்தச் சபையை விட்டுப் போகவில்லை என்று இன்றும் எனக்குத் தெரியாது" என்று எழுதியிருக்கிறார். உலகத்துக்கு ஒத்துப்போகாமல் விசுவாசத்தைக் காத்தவர் யார் என்று கேட்டால், நான் அந்த அம்மாவைத்தான் சொல்லுவேன். இங்கே பேச அதிக உரிமை உள்ளவர் அவருடைய மகன். தயவுசெய்து அவருக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டாம்.

மார்ச் 30

சட்டம் போட்டால் மனம் மாறுமா என்ற வாதம் ஒரு வாரமாக ஓடுகிறது. இரண்டு பக்கத்துக்கும் நம் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது.

கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833 ஜூலையில் தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேற்றுமையைத் தயக்கமில்லாமல், உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்றார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கொந்தளிப்பு. பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினார்கள். சாதி வழக்கத்துக்காக மிஷனரிகளோடு வாதாடியவர்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய பாடல்களைப் பாடித்தான் நான் வளர்ந்தேன், இன்றும் பாடுகிறேன். அவரும் இதில் தம் காலத்தோடு ஒத்துப்போனார் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பிற்பாடு, சாதி விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு இல்லாத ஜெர்மன் லுத்தரன் சங்கமான லைப்சிக் மிஷனில் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. சட்டம் வந்தது, ஆட்கள் இடம் மாறினார்கள், மனம் அப்படியே இருந்தது.

இதோடு விட்டால் சட்டம் வீண் என்று ஆகிவிடும். வடக்கன்குளத்தைப் பாருங்கள். அங்கே கத்தோலிக்கர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கோவில், இரண்டு கால் வைத்த காற்சட்டை போல இரு பிரிவாக இருந்தது. வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம், பீடம் சேரும் இடத்தில். நடுவில் தடுப்பு. 1910இல் பங்குத்தந்தை கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை எடுத்துப்போட்டார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது, சாதி உரிமை கேட்டவர்கள் தோற்றார்கள். அன்று தடுப்பைப் பார்த்து வளர்ந்தவர்களின் மனம் மாறியதா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் 1911இல் பிறந்த குழந்தை அந்தத் தடுப்பைப் பார்க்காமல் ஜெபிக்கக் கற்றுக்கொண்டது. அதை நான் சிறிய காரியமாக எண்ணமாட்டேன்.

ஆகையால் மனம் மாறட்டும், பிறகு சுவரை எடுக்கலாம் என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சுவரை எடுங்கள். மனம் புதிதாகிற வேலையை ஆவியானவர் செய்வார், சுவர் எடுக்கிற வேலை நமக்கு.

மார்ச் 31

"அதெல்லாம் பழங்கதை" என்று எழுதியவருக்கு: திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து எழுப்பிய சுவர் பழங்கதையா? 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்குச் சபை கேட்டதில் மூண்ட கலவரமும், துப்பாக்கிச் சூட்டில் போன இரண்டு உயிரும் பழங்கதையா? 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமாபுரிக்குப் போனபோது போப் இரண்டாம் ஜான் பால் அவர்களிடம் சாதியைப் பற்றித்தான் கடிந்து பேசினார்.

1950 ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துகள் பட்டியல் சாதியில் வரமாட்டார்கள். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு இவர்களுக்கு இன்னும் மூடியே இருக்கிறது. அரசாங்கம் உனக்குச் சாதி இல்லை என்கிறது, சபை உனக்குச் சாதி உண்டு என்கிறது. நடுவில் நிற்கிறவனிடம் போய் நாம் சினிமா பார்க்காதே என்கிறோம்.

ஏப்ரல் 3

இது இந்தியாவின் வியாதி மட்டும்தானா என்று ஒரு கேள்வி. இல்லை. 1933இல் ஜெர்மனியில் பிரஷ்யச் சபையின் பொதுமன்றம், யூத வம்சத்தில் பிறந்த போதகர்களை ஊழியத்திலிருந்து நீக்கும் விதியை ஏற்றுக்கொண்டது. ஞானஸ்நானத்தைவிட ரத்தம் பெரிது என்று சபையே சொன்னது. அதை எதிர்த்தவர்கள் 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடி, சபைக்கு ஆண்டவர் இயேசு ஒருவரே என்று அறிக்கை செய்தார்கள். அதை எழுதுவதில் முன்நின்றவர் இறையியலாளர் கார்ல் பார்த். அவ்வளவு தைரியமான அந்த அறிக்கையிலும் யூதர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. பார்த் வயதான காலத்தில் அதற்காக வருந்தினார். எதிர்த்து நின்றவர்களுக்கே பார்வை படாத இடம் இருந்தது என்பது என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது. நமக்கு எது படாமல் இருக்கிறதோ.

ஏப்ரல் 6

"எல்லாரும் சாதி மாறித்தான் கல்யாணம் செய்ய வேண்டும் என்கிறீர்களா?" என்று சூடாகக் கேட்டிருக்கிறார்கள்.

அப்படி நான் எழுதவில்லை. முதல் கேள்வி எது என்றுதான் கேட்கிறேன். நம் மணமக்கள் தேவை விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற" என்று இருக்கும், அடுத்த சொல் இனத்தின் பெயராக இருக்கும். அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதிருங்கள் என்று 2 கொரிந்தியர் 6:14ஐப் பிரசங்கத்தில் கேட்கிறோம். நடப்பது என்ன? வேறு சாதிக் கிறிஸ்தவர் வேண்டாம், சொந்தச் சாதி இந்து ஆகலாம், கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். இப்படி நடந்த வீடுகள் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த வசனத்தில் நுகம் எது என்று அந்த வீடுகள் எப்படிப் புரிந்துகொண்டிருக்கின்றன?

ஒரு கிறிஸ்தவத் தகப்பன், வந்த வரனின் குணத்தையும் விசுவாசத்தையும் படிப்பையும் விசாரித்து, சாதியைக் கேட்காமலே முடிவுக்கு வர முடியுமானால் அவர் மனம் புதிதாகியிருக்கிறது. கேட்காமல் இருக்க முடியவில்லை என்றால், குறைந்தபட்சம் இது சுவிசேஷத்திலிருந்து வந்த கேள்வி இல்லை என்று தமக்குள் ஒப்புக்கொள்ளட்டும். அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஏப்ரல் 14

நேற்றுக் குருத்தோலை ஞாயிறு. ஆலயத்திலிருந்து திரும்பும் வழியில் அந்தச் செவிலியர் பெண் என்னைத் தேடி வந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்காக, அவளிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

மாப்பிள்ளையிடம் அவளே பேசியிருக்கிறாள். "எண்பது பவுனைப் பற்றி உங்கள் எண்ணம் என்ன?" என்று நேராகக் கேட்டிருக்கிறாள். "அதையெல்லாம் அப்பா பார்த்துக்கொள்வார்" என்று பதில் வந்திருக்கிறது. நல்ல பையன்தான், அதட்டிப் பேசவில்லை. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறவன். "அப்படியானால் அப்பாவையே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்று இவள் முடித்துவிட்டாள்.

வீட்டில் பெரிய அழுகை. அப்பா அவளோடு சரியாகப் பேசவில்லை. "தேவசித்தத்தை உதறிவிட்டாள்" என்று சபையில் இரண்டு பேர் சொன்னார்களாம். ரோமர் 12:2இன் நோக்கமே தேவனுடைய சித்தம் எது என்று பகுத்தறிவதுதான். மனம் புதிதானவனுக்குத்தான் அது தெரியும் என்று பவுல் சொல்லுகிறார். அந்தக் கூடத்தில் இருந்த எங்கள் எல்லாரையும்விட அவளுக்குத்தான் அன்று தெரிந்திருக்கிறது. மனையை விற்க வேண்டாம் என்று நான் அவள் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றார்.

ஏப்ரல் 19

பெரிய வியாழன் ஆராதனையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, ஐயர் பன்னிரண்டு பேருடைய கால்களைக் கழுவினார். யார் யார் என்று பார்த்தேன். எல்லாத் தெருவிலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள், முன்பெல்லாம் கமிட்டிக்காரர்கள் மட்டுமே இருப்பார்கள். யாரும் இதற்குத் தீர்மானம் போடவில்லை, ஐயர் தாமாகவே செய்தார். நன்றாகவே இருந்தது.

நம் அசனப் பண்டிகையும் எனக்கு இதனால்தான் பிடிக்கும். ஒரே அண்டா, ஒரே சோறு, ஒரே குழம்பு, தரையில் வரிசை. பக்கத்தில் யார் என்று பார்க்க நேரமில்லாமல் இலை போடுவார்கள். நம் முன்னோர் சரியாகச் செய்த காரியங்களும் இருக்கின்றன. அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் அதே வாரம் சம்பந்தம் பேசவும் உட்கார்ந்திருந்தால் எவ்வளவோ நடந்திருக்கும்.

ஏப்ரல் 27

ஈஸ்டர் கழிந்துவிட்டது, மே மாதக் கல்யாணங்களை ஆலயத்தில் அறிவிக்கும் ஓலை வாசிப்பு இன்று ஆரம்பித்தது.

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: அடுத்த வாலிபர் கூட்டத்தில் பேச அவரையே அழைத்திருக்கிறார்களாம், என்ன சொல்லலாம் என்று கேட்கிறார். அதிகம் சொல்ல வேண்டாம். ரோமர் 12ஐ முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். பிறகு கல்யாணமாகாத பையன்கள் ஒவ்வொருவரும், பெண் பேசப் போகும்போது தங்கள் அப்பாவிடம் என்ன சொல்லுவார்கள் என்று எழுந்து நின்று சொல்லட்டும். எழுதி வாங்க வேண்டாம், கையெழுத்து வேண்டாம், எல்லாரும் கேட்கச் சொன்னால் போதும். பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், தனி அறையில் உட்காரவைக்காதீர்கள்.

உங்களுக்கே முதலில் பயமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கும். உங்கள் அப்பாவிடம் கூட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள், வேறு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டால் அவருக்கு வருத்தம் அதிகமாகும். யார் என்ன சொன்னார்கள் என்று கூட்டம் முடிந்ததும் இங்கே எழுதுங்கள்.